கடைக்காரரா இதப் போடப் போறாரு?

என் கழுத்து 16½ இஞ்ச். கை நீளம் 22¾. ரெடிமேடு சட்டைக் கம்பெனிகளின் கணக்குப்படி இவ்வளவு தடித்த கழுத்து உள்ளவனுக்குக் கை முழங்கால் வரை தொங்க வேண்டும் போலிருக்கிறது. கழுத்துக்குப் பார்த்து எடுத்தால் கஃப் விரல் நுனிக்கு வந்துவிடும். கைக்குப் பார்த்து எடுத்தால் மேல் பட்டன் பூட்டாது. போதாததற்கு என் இடது தோள் அரை இஞ்ச் இறங்கியிருக்கும். அதனால் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்குத் தைத்த சட்டைதான்.

வேலை தக்கலையில், வங்கியில். வீடு நாகர்கோவில் வடசேரியில். காலையில் பஸ் ஸ்டாண்டில் ஏறி, பாதி நாள் நின்றுகொண்டே போக வேண்டும். பார்வதிபுரம் தாண்டுவதற்குள் முதுகு நனைந்துவிடும். உள்ளே போனால் ஏசி. ஜூனில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை, நடுவில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் ஆடிக்காற்று. இத்தனையையும் ஒரே சட்டை தாங்க வேண்டும். துணி எடுக்கும்போது நான் இப்போது முதலில் நினைப்பது இதைத்தான். ஆனால் இதை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஐப்பசியில் சித்தி மகள் கல்யாணம். வேறொரு ஊரில், பெரிய கடையில், வெள்ளைச் சட்டைத்துணி எடுத்தேன். மீட்டர் 1,450 ரூபாய். துணியின் கரையில் தங்க நிறத்தில் ‘ஜிசா காட்டன் 140’ என்று அச்சடித்திருந்தது. தொட்டால் பட்டு மாதிரி வழுக்கியது. கடைப் பையன் அதை என் தோளில் போட்டு, கண்ணாடி முன் நிறுத்தி, “இதுக்கு மேல துணி கிடையாது சார்” என்றான். 1.60 மீட்டர் வெட்டித் தந்தான். “நனைக்கணுமா?” என்று கேட்டதற்கு, “தேவையே இல்ல சார், சுருங்கவே சுருங்காது” என்றான்.

வடசேரி கனகமூலம் சந்தையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு சந்துக்குள் இருக்கிறது என் தையல்காரரின் கடை. பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார், அண்ணாச்சி என்றே சொல்கிறேன். அவருடைய அப்பா தறி நெய்தவர். எங்கள் சின்ன வயதில் அந்தப் பக்கத்துத் தெருக்களில் தறிச் சத்தம் கேட்காத வீடு குறைவு. அப்பா வைத்திருந்த பித்தளை மடக்குக் கண்ணாடி ஒன்று இன்னும் அண்ணாச்சியின் மேசை இழுப்பில் கிடக்கிறது. துணியின் மேல் வைத்து இஞ்சுக்கு எத்தனை இழை என்று எண்ணுகிற கண்ணாடி.

துணியைக் கொடுத்தேன். அண்ணாச்சி தொட்டுப் பார்த்தார்.

“நனைச்சாச்சா தம்பி?”

“வேண்டாம்னு சொன்னாரு அண்ணாச்சி, கடைக்காரரு.”

“கடைக்காரரா இதப் போடப் போறாரு?”

கல்யாணத்துக்கு நாலு நாள்தான் இருந்தது. அப்படியே தைக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தேன். தைத்துத் தந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

கல்யாணத்தன்று காரிலிருந்து மண்டப வாசல் வரை பத்து எட்டுதான் இருக்கும். அந்தப் பத்து எட்டில் பிடித்த மழையில் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஆல்பத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கும் என்னுடைய பனியனின் தோள்பட்டை, அதில் இருந்த சின்னக் கிழிசல் உட்பட, தெளிவாகத் தெரியும். இரண்டு சலவையில் கை முக்கால் இஞ்ச் மேலே ஏறியது. காலர் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியது. எட்டாவது மாதம் முழங்கை பல்லிளித்துவிட்டது. கிட்டத்தட்ட 3,000 ரூபாய், தையல்கூலியோடு.

கிழிந்த சட்டையை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் போனேன். சண்டைக்கு இல்லை, கிழிசலை ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்க. அவர் கிழிசலிலிருந்து ஒரு இழையை உருவினார். இரண்டு கை விரல்களாலும் பிடித்து, முறுக்குக்கு எதிர்த்திசையில் திருகினார். அது பஞ்சாகப் பிரிந்து அறுந்துபோனது. அதற்குக் குறுக்கே, நீளவாக்கில் ஓடும் இன்னொரு இழையை உருவித் திருகினார். இது இரண்டு மெல்லிய இழைகளாகப் பிரிந்து நின்றது.

“பாவு ரெட்ட இழை, ஊடை ஒத்த இழை. காசு முழுசா வாங்கிட்டான், நூலு பாதிதான் தந்திருக்கான்.”

பாவு என்றால் துணியின் நீளவாக்கில் ஓடும் நூல், ஊடை அகலவாக்கில் ஓடுவது. அன்று அரை மணி நேரம் அவர் பேசியதை வைத்தும், அதற்கப்புறம் நானாகத் தேடிப் படித்ததை வைத்தும்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த 140. வேட்டி கட்டுகிறவர்களுக்கு 80ஆம் நம்பர், 100ஆம் நம்பர் என்ற பேச்சு புதிதில்லை. அது நூலின் நம்பர். 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் (நூல் கண்டுகள்) எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ, அதுதான் நம்பர். நம்பர் கூடக் கூட நூல் மெலிகிறது. 80ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டு நூலில் 67,200 கஜம், ஏறக்குறைய 61 கிலோமீட்டர். அரைக் கிலோவுக்கும் குறைவான நூலை நாகர்கோவிலில் பிடித்துக்கொண்டு நடந்தால் பாலராமபுரம் தாண்டிவிடலாம். 140 என்றால் 107 கிலோமீட்டர். அவ்வளவு மெலிந்த நூல். மெல்லிய நூலில் நெய்தால் துணி மிருதுவாக இருக்கும், மினுக்கமாக விழும். அதே காரணத்தால் அடியில் இருப்பது தெரியும், முழங்கையில் சீக்கிரம் தேயும்.

இதில் இரட்டை இழை என்ற கணக்கு வேறு உண்டு. இரண்டு 100ஆம் நம்பர் நூலைச் சேர்த்து முறுக்கினால் கிடைப்பது, தடிமனில் 50ஆம் நம்பர் ஒற்றை நூலுக்குச் சமம். ஆனால் அந்த 50ஐவிட சீராக இருக்கும், உறுதி கூடும், உரசி உரசிப் பஞ்சு கிளம்புவது குறையும். ஒரு இழை மெலிந்த இடத்தில் மற்றது தாங்கிக்கொள்ளும். பாவும் ஊடையும் இரண்டுமே இரட்டை இழையாக நெய்தால் விலை ஏறும். பாவை மட்டும் இரட்டையாக விட்டு ஊடையை ஒற்றையாக அடித்தால் விலை குறையும், ஆனால் கரையில் அச்சடிக்கிற நம்பர் அதேதான். கடைக்காரர் நம்பர் சொன்னால், “ரெண்டு பக்கமும் ரெட்ட இழையா?” என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் தெரிந்த விற்பனையாளர் உங்களை உட்காரச் சொல்லி வேறு தானை (துணிச் சுருளை) எடுப்பார். தெரியாதவர், “இது இம்போர்ட்டட் சார்” என்பார்.

அடுத்தது ஜிசா. எகிப்துப் பருத்தி ரகங்களுக்கு ஜிசா என்ற பெயரோடு ஒரு எண்ணும் உண்டு. ஜிசா 45 மிக நீண்ட, மிக மெல்லிய இழை (பஞ்சின் நார்) உள்ளது, கொஞ்சமாகத்தான் விளைகிறது. ஜிசா 86 அதைவிடப் பரவலான ரகம். எண் இல்லாமல் ஜிசா என்று மட்டும் எழுதுவது, நம்மூர்ப் பழக்கடையில் ‘வாழைப்பழம்’ என்று மட்டும் போர்டு எழுதி வைப்பது மாதிரி. மட்டியா, ஏத்தனா, செந்துளுவனா? குமரி மாவட்டத்துக்காரனிடம் அப்படி ஒரு போர்டை வைத்து ஒரு சீப்புப் பழம் விற்க முடியுமா? துணியில் மட்டும் நாம் கேட்பதில்லை.

பருத்தியின் தரம் பெரும்பாலும் இழையின் நீளத்தில் இருக்கிறது. குஜராத்தில் பரவலாக விளையும் சங்கர்-6 ரகத்தின் இழை சுமார் 28, 29 மில்லிமீட்டர். நல்ல சட்டைத்துணிக்கு விரும்பப்படும் மிக நீண்ட இழைப் பருத்தி 35 மில்லிமீட்டரையும் தொடும். சில மில்லிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று நானும் நினைத்தேன். நூலுக்குள் ஒவ்வொரு இழைக்கும் இரண்டு நுனி. இழை குட்டையானால் ஒரே நீள நூலில் நுனிகள் கூடும். அந்த நுனிகள்தான் வெளியே நீட்டிக்கொண்டு, உரசி, உருண்டு, காலர் மடிப்பில் பஞ்சு பஞ்சாகப் பூக்கின்றன. இதனால்தான் நல்ல நூலைச் சீவி, குட்டை இழைகளைக் கழித்துவிட்டு நூற்கிறார்கள். ‘கோம்ப்டு’ என்று அட்டையில் இருந்தால் அதுதான்.

எனக்கு ஒரு குறை உண்டு. எகிப்து என்றாலும் அமெரிக்கப் பிமா என்றாலும் வாயைப் பிளக்கிற நாம், சுவின் என்றால் “அது என்ன கம்பெனி?” என்று கேட்கிறோம். சுவின் நம்முடைய பருத்தி. சுஜாதா என்ற ரகத்தையும், மேற்கிந்தியத் தீவுகளின் செயின்ட் வின்சென்ட் என்ற ரகத்தையும் சேர்த்துக் கோவையில் உருவாக்கி 1974இல் வெளியிட்டார்கள். சுஜாதாவின் ‘சு’, வின்சென்ட்டின் ‘வின்’. உலகத்தின் மிக மெல்லிய, மிக நீண்ட இழைப் பருத்திகளின் வரிசையில் வைத்துப் பேசப்படுகிற ரகம். கோவையிலிருந்து ஒரு ராத்திரி ரயிலில் வந்து சேரக்கூடிய தூரத்தில் நாம் இருக்கிறோம். நாகர்கோவில் கடைகளில் சுவின் சட்டைத்துணி கேட்டு, நான் கேட்பதை யாரும் புரிந்துகொள்ளாமல் இரண்டு முறை வெளியே வந்திருக்கிறேன். மூன்றாவது முறை ஒரு கடைக்காரர், “ஸ்வீடனா சார்?” என்றார்.

சரி, துணிக்கு வருவோம். அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் அண்ணாச்சி நம்புவது கையை. அவரிடம் துணியைக் கொடுத்தால் முதலில் ஒரு மூலையை இரண்டு கைகளுக்கு நடுவில் வைத்துத் துணி துவைக்கிற மாதிரி கசக்குவார். உள்ளங்கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் அது கஞ்சி. கடையில் மொறுமொறுவென்று நிற்கும் துணி, முதல் சலவையில் கஞ்சி போனதும் கொசுவலை மாதிரி ஆகிவிடும். அப்புறம் துணியின் இரண்டு பக்கமும் கட்டைவிரலை அழுத்தி எதிரெதிராக இழுப்பார். இழைகள் நகர்ந்து வழி விட்டால் நெசவு தளர்வு. அந்தத் துணியில் தைத்தால் தோள் தையல், கக்கத் தையல் எல்லாம் இழுபட்டு வாய் திறக்கும். கடைசியில் வாசலுக்கு வந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார். தடித்தும் மெலிந்தும் கோடு கோடாகத் தெரிந்தால் நூல் சீராக இல்லை.

வாசல் வெளிச்சம் நிறத்துக்கும் வேண்டும். வெள்ளையில் எத்தனை வெள்ளை! கடை லைட்டில் எல்லாம் பளீரென்றுதான் தெரியும். வாசலுக்குக் கொண்டுவந்தால் ஒன்று நீலம் அடிக்கும், ஒன்று பால் நிறமாகும். துணியை வாசலுக்கு எடுத்துப்போகக் கூடாது என்று சொன்ன கடையில் நான் துணி எடுத்ததில்லை.

கலப்பு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் கரையிலிருந்து ஒரு இழையை உருவி, கடைக்கு வெளியே வந்து, தீக்குச்சி வைத்துப் பாருங்கள். (வெளியே வந்து. உள்ளே வைத்தால் அடுத்த முறை சாயா கிடைக்காது.) பருத்தி காகிதம் மாதிரி எரியும், மணமும் அதே மணம், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். ‘காட்டன் ரிச்’, ‘காட்டன் ஃபீல்’ என்பதெல்லாம் பெரும்பாலும் இந்த மணி உருளுகிற கோஷ்டி. பருத்தி சும்மா இருக்கும்போதே தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டருக்கு அரை சதவீதம்கூட இல்லை. தக்கலை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு இந்த வித்தியாசம் வில்லுக்குறியிலேயே விளங்கிவிடும்.

சுருக்கம் விழாத சட்டைத்துணி, அதுதான் ‘ரிங்கிள் ஃப்ரீ’, பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பருத்தியின் இழைகளை ஒரு வகைப் பிசின் போட்டுப் பிணைத்துவிடுகிறார்கள். இஸ்திரி மிச்சம், உண்மைதான். ஆனால் அந்தப் பிணைப்பால் துணியின் பலம் குறைகிறது, வியர்வையை வாங்குவதும் குறைகிறது. காலர் மடிப்பும் கஃப் ஓரமும் முதலில் வெடிக்கும். வாரத்தில் ஐந்து நாள் ஊர் ஊராகச் சுற்றி லாட்ஜில் தங்குகிறவர்கள் எடுக்கட்டும். எனக்கு வேண்டாம்.

மெர்சரைஸ்டு என்பது வேறு, அது நல்லது. நூலையோ துணியையோ காஸ்டிக் சோடாவில் இழுத்துப் பிடித்து வேக வைக்காமல் ஊற விடுகிற முறை. இதன் முதல் வடிவத்தை 1844 வாக்கில் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தார். அவர் இழுத்துப் பிடிக்காமல் செய்ததால் பலம் வந்தது, மினுக்கம் வரவில்லை. பிற்பாடு இன்னொருவர் இழுத்துப் பிடித்துச் செய்தபோதுதான் அந்தப் பட்டு மினுக்கம் வந்தது. சாயமும் நன்றாக ஏறும்.

சுருங்குவதற்கு வருகிறேன், என் கை முக்கால் இஞ்ச் ஏறிய கதைக்கு. தறியிலும் அப்புறம் ஆலையிலும் துணியை நீளவாக்கில் இழுத்து இழுத்தே ஓட்டுகிறார்கள். தண்ணீர் பட்டதும் அந்த இழுப்பு விட்டுப்போகிறது, இழை பழைய நிலைக்குத் திரும்புகிறது. அதனால் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் சுருங்கும். சட்டையில் நீளவாக்கு என்றால் கையும் உடல் உயரமும். காலருக்குள் வைக்கிற கேன்வாஸ் சுருங்காமல், மேலே இருக்கும் துணி மட்டும் சுருங்கினால் காலர் பொங்கும். ஆலையிலேயே இதை முன்கூட்டிச் சுருக்கிவிடும் முறைக்குத்தான் சான்ஃபரைஸ் என்று பெயர், சான்ஃபோர்டு க்ளூயெட் என்ற அமெரிக்கரின் பெயரால் வந்தது. ஒழுங்காகச் செய்த துணி ஒரு சதவீதத்துக்கு மேல் சுருங்காது. ஒழுங்காகச் செய்திருக்கிறார்களா என்பது நனைத்த பிறகுதான் தெரியும். அண்ணாச்சி சொல்வது எளிது: “ரெண்டு மட்டம் முக்கிக் காயப் போட்டுக் கொண்டாங்க, பொறவு பேசுவோம்.” ராத்திரி முழுக்கச் சாதாரணத் தண்ணீரில், முறுக்கிப் பிழியாமல், நிழலில். அவ்வளவுதான்.

நனைக்கிறவர்கள் துணியைக் கொஞ்சம் கூட எடுக்க வேண்டும். 58 பன்னா, அதாவது 58 இஞ்ச் அகலத் துணியில் முழுக்கைச் சட்டைக்கு 1.60 போதும் என்பார்கள். நான் 1.75 எடுக்கிறேன். 36 பன்னாவில் இரண்டே கால், உடம்புக்கு ஏற்ப இரண்டரை. கட்டம் போட்டதென்றால் இன்னொரு கால் மீட்டர். பாக்கெட்டில் கட்டம் ஒன்றுக்கொன்று சேராத சட்டையைப் பார்த்தால் எனக்கு அன்றைக்குக் கணக்கு வழக்கே ஓடாது.

எந்த நெசவு என்று கேட்டால், நம் ஊருக்கு என் ஓட்டு பாப்ளினுக்கு. இரண்டு பக்கமும் இரட்டை இழை, 80 அல்லது 100ஆம் நம்பர். சாதா நெசவு, பாவில் இழை நெருக்கம், சீக்கிரம் காயும். ஆக்ஸ்ஃபோர்டு எனக்குப் பிடிக்கும், முரட்டு உழைப்பு உழைக்கும். ஆனால் கார்த்திகை மாதத்தில் இரண்டு நாள் கொடியில் கிடந்து மூன்றாம் நாள் ஒரு வாடை வரும், அதை எந்த சென்ட்டும் மறைக்காது. ட்வில்லில் சுருக்கம் குறைவு, அடியில் தெரிவதும் குறைவு, மார்ச் ஏப்ரலில் கொஞ்சம் புழுங்கும். இரண்டு நிற இழையை மாற்றி மாற்றி நெய்கிற ஃபில்-எ-ஃபில் என்று ஒன்று உண்டு. தூரத்தில் ஒரே நிறமாகத் தெரியும், பக்கத்தில் வந்தால் உயிரோட்டமாக இருக்கும். அலுவலகத்துக்கு நான் கண்ட சிறந்த நீலம் அதுதான். பேனா மைக் கறையும் அதில் சட்டென்று தெரியாது.

140ஆம் நம்பரும் அதற்கு மேலும் உள்ள துணியை அண்ணாச்சிக்குப் பிடிக்காததற்கு இன்னொரு காரணம் ஊசி. வழக்கமாக மெஷினில் கிடக்கிற தடித்த ஊசி அந்த மெல்லிய இழைகளை அறுத்துவிடும், தையல் ஓரத்தில் புள்ளி புள்ளியாக ஓட்டை விழும். 11ஆம் நம்பர் ஊசிக்கு மாற்றி, நூலை மாற்றி, மெதுவாக ஓட்ட வேண்டும். என் கல்யாணச் சட்டைக்கு அதெல்லாம் செய்திருக்கிறார். கூலி மட்டும் கூட்டிக் கேட்கவில்லை. இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

போன கார்த்திகையில் அக்கா மகனுக்குத் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்தது. டிசம்பர் 15 சேர வேண்டும். “மாமா, ஜிசா 140 எடுத்துத் தாங்க, ரீல்ஸ்ல பாத்தேன்” என்றான். செட்டிகுளம் பக்கத்தில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. 140 தானை விரித்து, அவன் போனை டார்ச் போட்டு அடியில் பிடிக்கச் சொன்னேன். துணி வழியாகப் போனின் பிராண்டு பெயரையே வாசித்துவிட்டான். பிறகு 80 இரட்டை இழையில் ஒரு வெள்ளை பாப்ளின், ஒரு நீல ஃபில்-எ-ஃபில். ஒவ்வொன்றும் 1.75. வீட்டில் வாளியில் முக்கி வைத்ததைப் பார்த்து அக்கா, “புதுத்துணிய எதுக்குலே வெள்ளத்துல போட்டிருக்க?” என்று அவனை ஏசினாள். மழை விடாததால் ஃபேனுக்கு அடியில் போட்டே காய வைத்தோம். காய்ந்ததும் அளந்தேன். வெள்ளை 1.70, நீலம் 1.73.

அண்ணாச்சிக்குக் கிறிஸ்துமஸ் ஆர்டர் குவிந்திருந்தது. சுவர் முழுக்கச் சட்டைகள் காஜாவுக்குத் தொங்கின. முதலில் முடியாது என்றார். துணியைக் கசக்கிப் பார்த்தார், வாசலுக்குப் போய்ப் பார்த்தார். “நனைச்சது யாரு?” என்றார். “நான்தான்” என்றான் பையன். “சரி, 13ஆம் தேதி ஒண்ணு தாரேன், மத்தது பண்டிகை கழிஞ்சு.”

டேப்பை எடுத்துக் கழுத்து, மார்பு, கை என்று அளந்து சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதினார். பின்னால் போய் நின்று இரண்டு தோளிலும் கை வைத்து அழுத்திப் பார்த்தார். ‘இடது தோள் அரை இஞ்ச் இறக்கம்’ என்று எழுதி, அடிக்கோடு போட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னை ஒருமுறை பார்த்துவிட்டு டேப்பைச் சுருட்டினார்.